பறவைகளுக்கும் பங்குண்டு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கும் ஆண்டறிக்கையும் வாசிக்கப்பட்ட இந்த அவையில், பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கித் தந்த நிர்வாகத்திற்கு முதற்கண் நன்றி கூறிக்கொள்கிறேன். பொழுதுபோக்கான ஒரு பொருளைப் பேச வந்திருக்கிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாக, மையவாடியின் கிழக்குப் பகுதியில் எஞ்சியிருக்கும் புதர்களையும் செடிகளையும் இயந்திரம் கொண்டு அகற்றி, தரையைச் சமன்செய்வது பற்றிய தீர்மானம் இடம்பெற்றிருக்கிறது. அதன் மீது நீங்கள் முடிவெடுக்கும் முன்பு, அந்த இடத்தில் வாழும் உயிர்களின் சார்பில் சில வார்த்தைகளைக் கூறுவதே என் நோக்கம்.

இதைக் கூறும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், தவறு செய்தவன் என்ற முறையில்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, பள்ளிவாசலின் முன்முற்றத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வடக்குச் சுவரோரம் இருந்த மருதாணி வேலியையும், இரண்டு எலுமிச்சை மரங்களையும், எவரும் நடாமலே வளர்ந்து கிடந்த ஆவாரைச் செடிகளையும் இரண்டே நாளில் அகற்றி, சிமெண்ட் ஓடுகளைப் பதித்தேன். முற்றம் கண்ணாடி போல் இருக்கிறது என்று அனைவரும் பாராட்டினீர்கள். அந்த ஆண்டறிக்கையில் என் பெயரைக் குறிப்பிட்டு நன்றியும் தெரிவித்தீர்கள்.

அடுத்த கோடையில் அந்த முற்றத்தில் ளுஹர் தொழுகைக்கு வருவோர் வெறுங்காலுடன் நடக்க இயலாமல் ஓடினார்கள். தேங்காய்நார் விரிப்பு வாங்கிப் போட்டோம். ஆயினும் ஒளூச் செய்யும் இடத்திற்கு மேலே, மின்விளக்குக் கம்பியில் ஆண்டுதோறும் பை போன்ற கூட்டைத் தொங்கவிட்டுக் குஞ்சு பொரித்து வந்த தேன்சிட்டு அதன்பின் வரவேயில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பணி ஓய்வு பெற்று, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அந்தத் திண்ணையில் சும்மா அமரும் வாய்ப்புக் கிடைத்த பிறகுதான் அந்த வெறுமை எனக்குப் புலப்பட்டது.

கறிவேப்பிலைச் செடி நடத்திய பாடம்

என் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. ஒரு நாள் அதன் இளந்தளிர்களைப் புழுக்கள் தின்றுகொண்டிருப்பதைக் கண்டு, பூச்சிமருந்து எடுக்கச் சென்றேன். என் பேத்தி தடுத்துவிட்டாள். அது பட்டாம்பூச்சியாகும் புழு என்று பள்ளியில் ஆசிரியை கூறியிருந்தாராம். ஒரு மாத காலம் பொறுத்துப் பார்ப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டோம்.

அந்தப் புழு இளமையில் பறவையின் எச்சத்தைப் போலவே கறுப்பும் வெளுப்புமாக இருந்தது. அதை உண்ண எந்தப் பறவைக்கும் மனம் வராது. வளர்ந்ததும் இலையின் பச்சை நிறத்தைப் பெற்றது. குச்சியால் தொட்டபோது, தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த உறுப்பை வெளியே நீட்டி, கெட்ட வாடையை வீசி எங்களை விரட்டப் பார்த்தது. பின்னர் ஒரு காம்பில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. ஏறத்தாழ பத்து நாட்களுக்குப் பிறகு ஒரு காலைப் பொழுதில், கறிவேப்பிலை அழகி எனத் தமிழில் அழைக்கப்படும் கருநிறப் பட்டாம்பூச்சி ஈரச் சிறகுகளை உலர்த்திக்கொண்டிருந்தது. செடிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். அடுத்த தளிர் வந்தது. குழம்புக்குத் தாளிக்க இலைக்குப் பஞ்சமில்லை.

மலர்ச்செடிகளை வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. மலர் அதற்குத் தேன் தருகிறது, அவ்வளவே. முட்டையிட அதற்கு இலை வேண்டும்; அதுவும் தன் இனத்திற்கென விதிக்கப்பட்ட செடியின் இலை வேண்டும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை வேண்டும். கொன்றை வெள்ளையனுக்கு ஆவாரையும் கொன்றையும் வேண்டும். செம்மஞ்சள் சிறகுடைய வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். செந்நிற உடலுடைய ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டும். எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் களை என்று நாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய தொட்டிச்செடிகளை வரிசையாக வைத்தால், அந்தத் தோட்டம் விருந்தினர் வந்து தேநீர் அருந்திச் செல்லும் கூடமாக இருக்குமேயன்றி, அவர்கள் குடும்பம் நடத்தும் வீடாக இராது.

இதில் மற்றொரு நுட்பமும் அடங்கியுள்ளது. ஆடுதின்னாப்பாளையின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் ரோஜா அழகியைப் பறவைகள் தவிர்க்கின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண் இனத்தில் ஒரு பிரிவு, அந்த ரோஜா அழகியைப் போலவே தோற்றம் கொண்டு உயிர் பிழைக்கிறது. நம் மையவாடிச் சுவரோரத்தில் இவ்விரண்டும் அருகருகே பறப்பதைக் கடந்த கார்த்திகை மாதத்தில் நான் என் கண்களால் கண்டேன்.

புழு இல்லையேல் குருவி இல்லை

பறவைகளுக்குத் தானியம் தூவுவது நம்மவர் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் பழக்கம். அரிசி புடைக்கும்போது குருணையை முற்றத்தில் வீசிவிட்டுத்தான் உம்மா சுளகைக் கீழே வைப்பார்கள். நல்ல பழக்கம், தொடர வேண்டும். ஆனால் தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டுவதில்லை. முதல் நாட்களில் மென்மையான புழுக்களையும் பூச்சிகளையுமே தேடிக் கொணர்ந்து ஊட்டுகிறது. தேனை நம்பி வாழும் தேன்சிட்டும் தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் கொடுக்கிறது. அதன் கூடே சிலந்தி நூலால் பிணைக்கப்பட்டதுதான். தையல்சிட்டு பெரிய இலைகளின் ஓரங்களைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடமைக்கிறது.

ஆகவே ஒரு தோட்டத்தில் மருந்தடித்துப் பூச்சிகளை முற்றாக ஒழித்தால், அங்கே பறவையின் தொட்டிலையும் உணவையும் சேர்த்தே ஒழிக்கிறோம். செடியின் உடல் முழுவதும் ஊடுருவும் மருந்துகளும் இப்போது உள்ளன. அவை மலரின் தேனிலும் மகரந்தத்திலும் கூடக் கலந்துவிடுகின்றன. ஒரு செடியில் பத்து இலைகள் ஓட்டையாக இருப்பது அந்தத் தோட்டம் உயிரோடிருப்பதற்கு அடையாளம் என்று கருதும் மனம் நமக்கு வர வேண்டும்.

பருவந்தோறும் ஒரு பந்தி

ஒரு தோட்டம் ஆண்டு முழுவதும் பறவைகளுக்கு உதவ வேண்டுமானால், எந்தப் பருவத்தில் எது பூக்கும், எது காய்க்கும் என்று எண்ணி நட வேண்டும். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவமழை தருகிறது. நம் கடற்கரைப் பகுதியின் பசுமை முழுவதும் அந்த மழையை நம்பியே இருக்கிறது. எனவே நடவு வேலையைப் புரட்டாசி இறுதியில் தொடங்கிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தேள்கொடுக்கும் தாமாகவே முளைக்கும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அவற்றை வெட்டாமல் விட்டுவிடுவதே நாம் செய்யும் தோட்ட வேலை. பட்டாம்பூச்சிகள் மிகுந்து காணப்படுவது இக்காலத்திலும் இதையடுத்த வாரங்களிலும்தான். கிலுகிலுப்பை இரண்டு செடி இருந்தால் நீல வரியன் போன்றவை கூட்டமாக வந்து மொய்க்கும். இனச்சேர்க்கைக்குத் தேவையான மணத்தை உருவாக்கும் பொருளை, அதன் ஆண் பூச்சிகள் அச்செடியிலிருந்தே பெறுகின்றன.

தை, மாசி மாதங்களில் கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் செந்நிறமாய்ப் பூக்கும். மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அம்மரத்தில் சந்தை கூட்டும். முருங்கைப் பூவும் செம்பருத்தியும் தேன்சிட்டுக்கு ஏற்றவை. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கிறது. சரக்கொன்றை பொன்னாய்த் தொங்குகிறது. ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழமும் நாவற்பழமும் உதிரும். கொண்டைக்குருவியும் குயிலும் மைனாவும் அவற்றை உண்டு, விதையை வேறிடத்தில் விதைக்கின்றன. நாம் நடாத எத்தனையோ வேப்ப மரங்கள் இந்த ஊரில் நிழல் தருகின்றன. அவற்றை நட்டவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் ஓய்ந்த நாட்களில் பசியாற்றுவது ஆல், அரசு, அத்தி இனம். ஒரே ஊரிலுள்ள ஆலமரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை; ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பழுக்கும். அதனால்தான் வேறு பழம் கிடைக்காத காலத்திலும் அவை பறவைகளைக் காப்பாற்றுகின்றன. ஆனால் இம்மரங்களைக் கப்ருகளின் அருகிலோ கட்டடத்தின் அருகிலோ நடக் கூடாது. அவற்றிற்கு உரிய இடம் குளக்கரை.

வாங்கும் செடிகளிலும் சற்று எச்சரிக்கை தேவை. அடுக்கடுக்கான இதழ்களுடன் அழகுக்காக உருவாக்கப்பட்ட மலர்களில் பெரும்பாலும் தேன் குறைவு. ஒற்றை இதழ்ச் செம்பருத்தியும் சாதாரண இட்லிப்பூவும் போதும். உன்னிச்செடியில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பது உண்மையே. ஆயினும் அது அயல்நாட்டிலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்துக்கொண்ட செடி. அதை நாமே நட்டுப் பரப்ப வேண்டாம்.

ஒளூ நீர் வீணாகலாமா?

கோடையில் பறவைக்கு உணவைவிட நீரே அரிது. அகலமான மண் தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்திற்கு நீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லை வைத்தால் போதும். ஆழமான பாத்திரம் சிறு குருவிகளுக்கு ஆபத்தானது. கொசு பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வார அளவில் ஆகும் என்பதால், வாரத்திற்கு இருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் அந்தக் கவலை இல்லை.

நம் பள்ளியில் ஒளூச் செய்த நீர் முழுவதும் சாக்கடையில் கலக்கிறது. ஒரு முறைக்கு 3 லிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், ஐந்து வேளையும் சேர்த்து 200 முறை ஒளூச் செய்யப்பட்டால் நாளொன்றுக்கு 600 லிட்டர் ஆகிறது. ஒரு சிறிய வாய்க்கால் வெட்டி இதைச் சுவரோரச் செடிகளுக்குத் திருப்பிவிட்டால், கோடையிலும் தோட்டம் வாடாது. அந்த வாய்க்காலின் ஓரத்து ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் வரிசையாக அமர்ந்து உறிஞ்சுவதையும் காணலாம். மண்ணிலுள்ள உப்பைத் தேடியே அவை அவ்வாறு அமர்கின்றன. ஓடும் ஆற்றில் நின்றாலும் ஒளூவுக்கு நீரை வீணாக்காதே எனப் பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம், பயன்படுத்திய நீரையும் வீணாக்காமல் இருப்பது சிறப்பல்லவா?

ஆறுமணிக் குருவியின் விண்ணப்பம்

இப்போது ஏழாவது தீர்மானத்திற்கு வருகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி வாக்கில், நம் மையவாடிக்கு ஒரு விருந்தாளி வருகிறது. பச்சை முதுகும், மங்கிய மஞ்சள் மார்பும், வயிற்றடியில் சிவப்பும், கண்ணை ஒட்டிக் கரும்பட்டையும் கொண்ட அந்தப் பறவையைத் தோட்டக்கள்ளன் என்பர். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் தவறாமல் ஒலி எழுப்புவதால் ஆறுமணிக் குருவி என்றும் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. இரவில் பயணம் செய்யும் இப்பறவை, களைத்துப்போய் வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. சித்திரை வாக்கில் திரும்பிச் சென்றுவிடும்.

இது மரக்கிளையில் அமர்ந்து பழம் உண்ணும் பறவை அன்று. புதரின் நிழலில், உதிர்ந்த சருகுகளைப் புரட்டி, அடியிலிருக்கும் பூச்சிகளையும் மண்புழுக்களையும் உண்டு வாழ்வது. சருகு இல்லையேல் அதற்கு உணவில்லை. புதர் இல்லையேல் ஒதுங்க இடமில்லை. சுப்ஹு தொழுதுவிட்டு வெளியே வரும் நேரத்தில் கிழக்குச் சுவர்ப்புறத்திலிருந்து இரட்டை விசில் போன்ற ஒலியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். முன்முற்றத்தையும் இயந்திரம் கொண்டு அகற்றினேனே, அதுபோல் இதையும் அகற்றிவிட்டால், அடுத்த ஐப்பசியில் பல நூறு மைல் பறந்து வரும் அந்தப் பறவை, இறங்க இடமின்றித் திகைக்கும். இதற்காகவே இன்று எழுந்து நிற்கிறேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரவில் ஜனாஸாவைத் தூக்கி வருவோர் காலடியில் பாம்பு இருக்குமோ என அஞ்சுவது இயல்பு. ஆனால் பாம்பை அழைத்து வருவது எலி. எலியை அழைத்து வருவது நாம் மூலையில் கொட்டி வைத்திருக்கும் கட்டடக் கழிவும் குப்பையும். அவற்றை முதலில் அகற்றுவோம். நுழைவாயிலிலிருந்து கப்ருகளுக்குச் செல்லும் பாதையை ஆறு அடி அகலத்திற்குச் சுத்தமாக வைத்து, விளக்குப் போடுவோம். கப்ருகள் உள்ள பகுதியில் புல்லைக் கையால் வெட்டிச் சீராக வைப்போம். கிழக்குச் சுவரை ஒட்டிய பத்து அடி அகலத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். சருகை எரிக்காமல் அந்தப் பத்து அடிக்குள் ஒதுக்கிவிட்டால், அது உரமும் ஆகும், உணவும் ஆகும். சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் ஆண்டுக்கொருமுறை பிடுங்கிவிடுவோம். நூறு விழுக்காடு அகற்றுவதற்கும் எதையுமே தொடாமல் இருப்பதற்கும் இடையில் நடுநிலையான வழி இது.

முன்முற்றத்தின் வடக்குச் சுவரோரம் இரண்டு வரிசைச் சிமெண்ட் ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, மீண்டும் மருதாணி வேலியும் எலுமிச்சையும் நட அனுமதி தருமாறும் வேண்டுகிறேன். அதன் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். நான் பட்ட கடன் அது.

நமக்கு முன் சென்றவர்கள்

இது நம்மவர்க்குப் புதிய துறை என்று எண்ண வேண்டாம். இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் சாலிம் அலி, 1896ஆம் ஆண்டு மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, அது என்ன பறவை என அறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தார். ஒரு குருவியைக் கொன்ற கை, பின்னர் வாழ்நாள் முழுவதும் பறவைகளுக்காக எழுதியது. 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பலருக்கு வழிகாட்டி. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987இல் மறைந்தார். தவறிலிருந்தும் நன்மை பிறக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி வாழும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. தம் பண்டிகையின் மகிழ்ச்சியில் ஒரு பகுதியையே விட்டுக்கொடுத்த அந்தச் சகோதரர்களோடு ஒப்பிடும்போது, நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது பத்து அடி நிலம் மட்டுமே.

நட்ட மரத்திலிருந்து மனிதனோ கால்நடையோ பறவையோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்பதை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் பறவை தனியே குறிப்பிடப்பட்டிருப்பதைச் சற்று ஊன்றிக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். நம் பெற்றோரும் பாட்டன்மாரும் உறங்கும் இடம் அது. என் வாப்பாவின் கப்ரு கிழக்குச் சுவரிலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறது. ஸியாரத்திற்குச் செல்லும்போது அருகில் ஒரு குருவியின் குரல் கேட்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அது வெறும் சிமெண்ட் தரையாகிவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

மூன்று வேண்டுகோள்களுடன் முடிக்கிறேன். ஒன்று, ஏழாவது தீர்மானத்தைப் பத்து அடி விட்டு நிறைவேற்றுங்கள். இரண்டு, ஒளூ நீருக்கு வாய்க்கால் அமைக்க இந்த ஆண்டு வரவு செலவில் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். மூன்று, இது ஜமாஅத்திடம் அல்ல, ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்பது: வரும் புரட்டாசியில் கொல்லையிலோ மாடியிலோ ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு தட்டு நீரும் வையுங்கள். தளிரைப் புழு தின்றால் ஒரு மாதம் பொறுத்திருங்கள். அந்த ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதை எந்தப் பாடப்புத்தகமும் கற்பித்துவிட முடியாது.